முப்பது அடி முள்

ஒரு காட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று என்று அங்கே அணில்கூடச் சொல்லும். அந்த அணில் கடலைப் பார்த்ததில்லை. ஆக்டோபஸ் என்பது மரத்தில் காய்ப்பதா, மண்ணில் விளைவதா என்றும் அதற்குத் தெரியாது. ஆனால் மூன்று என்பதில் சந்தேகமே கிடையாது. அடுத்த கிளையில் குடியிருக்கும் அணிலுக்கு எத்தனை குட்டிகள் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிக்கும்.

இந்த அறிவுக்கெல்லாம் காரணம் பஞ்சநதம் என்ற செம்போத்து. காட்டின் நடுவில் ஒரு குளம், குளத்துக்குப் போகும் வழியில் ஒரு கரும்பாறை. அந்தப் பாறையில் தினமும் விடிந்ததும் பஞ்சநதம் சுண்ணாம்புக் கல்லால் 'இன்றைய ஐந்து துளிகள்' எழுதுவார். ஒன்று பொது அறிவு, ஒன்று வரலாறு, ஒன்று 'இதே நாளில்', ஒன்று உடல்நலம், கடைசியாக ஓர் அதிசயம். தண்ணீருக்கு நிற்கும் வரிசை அந்தப் பாறையைச் சுற்றித்தான் நகரும். ஆகவே படிக்காமல் யாரும் தண்ணீர் குடித்துவிட முடியாது. படித்து முடித்ததும் "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. சொல்லாமல் போனால் பஞ்சநதத்தின் முகம் வாடிவிடும், அதற்காகத்தான்.

பதினொரு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்தபோதும் எழுதினார். கூட்டில் முட்டை பொரிந்த அன்றும் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கண் ஏன் இவ்வளவு சிவப்பு என்று யாராவது கேட்டால், "படிப்பு" என்பார். செம்போத்துகள் எல்லாவற்றுக்கும் கண் சிவப்புதான் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. மனசு வரவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் சரக்கு தீர்ந்துபோயிற்று. நான்கு துளிகள் எழுதியாகிவிட்டது. ஐந்தாவது வரவே இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்பு ஏழு என்பதைப் போன வாரம்தான் எழுதினார். நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது என்பதை மூன்று தடவை எழுதிவிட்டார். வரிசையில் முன்னால் நின்ற காட்டுப்பன்றி, "வாத்தியாரே, அதிசயம் எங்கே?" என்று கேட்டுவிட்டது.

பஞ்சநதம் அங்குமிங்கும் பார்த்தார். பக்கத்தில் ஒரு மரத்தின் அடிக்கட்டை. அதில் ஒரு முள் குத்திக்கொண்டு நின்றது, கறுப்பும் வெள்ளையுமாக. ஏதோ ஒரு முள்ளம்பன்றி முதுகை உரசிவிட்டுப் போயிருக்கிறது. பஞ்சநதம் அந்த முள்ளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுதினார்: 'முள்ளம்பன்றி தன் முள்ளை முப்பது அடி தூரம் எய்யும்.'

"அடேயப்பா!" என்றது காட்டுப்பன்றி. அதுவரை பஞ்சநதம் கேட்டிராத அளவுக்கு உரத்த அடேயப்பா அது. கிளிகள் அதைக் கொத்திக்கொண்டு நாலாபுறமும் பறந்தன. கேட்டதும் பத்துப் பேருக்குச் சொல்லவும் என்று தாங்களாகவே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டன.

அன்று வரிசையில் இருபதாவது ஆளாகச் சொர்ணம் நின்றாள். சொர்ணம் ஒரு முள்ளம்பன்றி. இரண்டு குட்டிகளுக்குத் தாய். பாறையில் இருந்ததைப் படித்தாள், மறுபடி படித்தாள். "எனக்கே தெரியாதே இது" என்றாள். பின்னால் நின்ற மான், "சும்மா அடக்கமாப் பேசாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு முப்பத்தோரு அடி பின்னால் போய் நின்றுகொண்டது.

முதலில் சொர்ணத்துக்கு இது பிடிக்கத்தான் செய்தது. ஏன் பிடிக்காது? வரிசையில் இடித்துத் தள்ளுவார் இல்லை. கிழங்கு தோண்டும் இடத்தில் பங்குக்கு வருவார் இல்லை. மாசிலாமணி என்று ஒரு சிறுத்தை இருந்தார், உடம்பெல்லாம் புள்ளியோடு. அவர்கூட அவளைக் கண்டால் தூரத்தில் நின்று, "சௌக்கியமா அம்மா? குட்டிங்க நல்லா வளர்றாங்களா?" என்று விசாரித்துவிட்டு வேறு வழியில் போவார். ஒரு பெரிய மனிதர் இவ்வளவு மரியாதை காட்டுகிறாரே என்று சொர்ணம் உருகிப்போனாள்.

இது இப்படி இருக்க, காட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. குளக்கரைக் காவலர் பதவி, ஒரே இடம், நிரந்தரம். பதவியோடு குடியிருக்கக் குளக்கரைக் குகையும் உண்டு. மேடான குகை. எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாது.

சொர்ணத்துக்குப் பதவியைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் குகைதான் வேண்டும். அவளுடைய வளை பள்ளத்தில் இருந்தது. போன மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்து, இரண்டு குட்டிகளையும் தூக்கி ஒரு கிளைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றாள். அதற்குப் பிறகு சின்னவன் ஒரு மாதம் இருமினான். ஒவ்வொரு இருமலும் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. ஊருக்கெல்லாம் முள் வெளியே, அவளுக்கு மட்டும் உள்ளே. அடுத்த மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது.

தேர்வு நூறு கேள்விகள். எல்லாம் பாறையில் எழுதப்பட்ட துளிகளிலிருந்து. காவல் காப்பதற்கும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்கள். சொர்ணமும் செய்தாள். குட்டிகளுக்கு முதுகு தடவிக்கொடுக்கும்போது, "ஆக்டோபஸ் மூன்று, கழுத்தெலும்பு ஏழு, தேன் கெடாது" என்று தாலாட்டுப் போல் சொல்லிக்கொண்டே தடவினாள்.

தேர்வு நாள் வந்தது. தேக்கிலையில் நான்கு நான்காக வட்டங்கள் போட்டிருந்தார்கள். சரியான வட்டத்தில் ஓட்டை போட வேண்டும். மற்றவர்கள் ஓட்டை போட முள் தேடி அலைந்தபோது சொர்ணம் முதுகிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு உட்கார்ந்தாள். மளமளவென்று அறுபத்தாறு கேள்விகள் முடிந்தன. அறுபத்தேழாவது கேள்வியில் கை நின்றுவிட்டது.

'முள்ளம்பன்றி தன் முள்ளை எத்தனை அடி தூரம் எய்யும்? அ) பத்து ஆ) இருபது இ) முப்பது ஈ) எய்யாது.'

பாறையில் முப்பது என்று இருந்தது அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் கையில் பிடித்திருந்த முள் அவளுடையது. அதை உருவத்தான் வேண்டியிருந்தது, அது பறந்து வரவில்லை. ஆக்டோபஸைப் பற்றி என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்ளலாம், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று அவளுக்கு ஒரு ரோஷம் வந்தது. ஈ வட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டாள்.

முடிவு வந்தது. குணசீலன் என்ற ஓணான் நூற்றுக்கு நூறு. சொர்ணம் தொண்ணூற்றொன்பது.

குணசீலன் நல்ல பையன்தான். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவான். அவன் நேராகச் சொர்ணத்திடம் வந்து, "அக்கா, நீங்க எய்ய மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும். தினமும் உங்க வளைமேலதானே வெயில் காயறேன்?" என்றான்.

"அப்புறம் ஏன்டா முப்பதுன்னு போட்ட?"

"கேள்வி உங்களைப் பத்தி இல்லைக்கா. பாறையைப் பத்தி" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே தலையாட்டிக்கொண்டு போனான்.

விடைக்குறிப்பில் தவறு இருந்தால் ஏழு நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம் என்று விதி இருந்தது. சொர்ணம் மறுநாளே தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தராக ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அது முதலில் அவளை முப்பது அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு என்ன வேண்டும் என்று கத்திக் கேட்டது.

"அறுபத்தேழாவது கேள்வி தப்புங்க. முள்ளம்பன்றி முள்ளை எய்யாது."

"ஆதாரம்?"

"நானே முள்ளம்பன்றிதானுங்களே."

"நீங்க விண்ணப்பதாரர். விண்ணப்பதாரர் ஆதாரமா இருக்க முடியாது."

"எங்கம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"ரத்த சம்பந்தம் செல்லாது. மூணு ஆதாரம் வேணும், நாலு பிரதி வேணும். அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர்கள் யாரும் இல்லை. முப்பது அடி சுற்றுவட்டத்தில் ஒரு எறும்புகூட இல்லை. இருந்தாலும் குரங்கு பழக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டது.

சொர்ணம் அழுதுகொண்டே திரும்பினாள். வழியில் தூரத்துப் புதரிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, என்ன கண்ணு கலங்கியிருக்கு?"

மாசிலாமணி. முப்பத்தைந்து அடி தள்ளி, முன்னங்கால்களை மடித்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார். சொர்ணம் எல்லாவற்றையும் சொன்னாள். சிறுத்தை கவனமாகக் கேட்டார். இடையில் ஒரே ஒரு தடவை குறுக்கிட்டார்.

"அப்போ உண்மையிலேயே எய்ய மாட்டீங்களா?"

"சத்தியமா மாட்டேங்க."

"அநியாயம்! எவ்வளவு பெரிய அநியாயம்!" என்றார் மாசிலாமணி. குரல் லேசாக நடுங்கியது. "இதை இப்படியே விடக் கூடாதும்மா. உண்மை வெளியில வரணும். எல்லார் முன்னாடியும் வரணும். மனு நான் எழுதித் தர்றேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"பொதுநலம்மா. நமக்குன்னு என்ன இருக்கு?"

இப்படி ஒரு நல்லவர் காட்டில் இருக்கிறாரே என்று சொர்ணம் கைகூப்பினாள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் எனக்கு இருமுகிற பிள்ளை இல்லை, சொல்வது சுலபம்.

மாசிலாமணி எழுதித் தந்த மனு அருமையாக இருந்தது. நான்கு பிரதிகள், கையெழுத்து முத்து முத்தாக. மூன்று ஆதாரங்களையும் அவரே யோசித்துக் கொடுத்தார். ஒன்று, எழுதியவரின் ஒப்புதல். இரண்டு, முப்பது அடிக்குள் இருந்தும் முள் படாத ஒரு சாட்சி. மூன்று, நேரடிச் செயல்விளக்கம். "செயல்விளக்கத்துக்குக் குட்டிங்களையும் கூட்டிட்டு வாங்கம்மா. பாக்கிறவங்களுக்கு ஒரு இரக்கம் வரும்" என்றும் சொன்னார்.

சொர்ணம் முதலில் பஞ்சநதத்திடம் போனாள். அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு பாறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு ஒரு துளி குறைஞ்சுபோச்சும்மா. பதினொரு வருஷத்துல ஒரே ஒரு துளி."

"அதைச் சொல்லிடுங்களேன் வாத்தியாரையா."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மத்ததையெல்லாம் சந்தேகப்படுவாங்க. பதினொரு வருஷம் கஷ்டப்பட்டு எழுதினதும்மா. அதுல மத்தது எல்லாமே நெசம்." சிவந்த கண்கள் இன்னும் சிவந்தன. உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. அன்றாடம் ஐந்து அதிசயம் தேடுவது என்பது வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

"என் சின்னவன் இருமுறான் ஐயா" என்றாள் சொர்ணம். வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

பஞ்சநதம் பக்கத்துச் செடியில் ஓர் இலையைக் கிள்ளினார். அதில் நாலு வரி எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டார்.

விசாரணை நாளில் காடே திரண்டது. நிபுணர் குழுவின் தலைவர் ஒரு காட்டெருமை, உறுப்பினர்கள் மயிலும் உடும்பும். குழு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. சொர்ணம் முப்பத்தோரு அடி தள்ளித் திடலின் நடுவில் நின்றாள். அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதே தூரத்தில் அவளைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, பார்க்க வந்தவர்களை அதற்கு வெளியே நிறுத்தினார்கள். சொர்ணத்தின் குட்டிகள் மட்டும் வட்டத்துக்குள், அவளுக்குச் சில அடி தள்ளி நின்றன. அவற்றின் முள் இன்னும் புல் மாதிரி மெத்தென்றுதான் இருந்தது. அவற்றுக்கு நேர் பின்னால், கோட்டை ஒட்டினாற்போல், மாசிலாமணி இடம்பிடித்திருந்தார்.

"முதல் ஆதாரம்" என்றார் காட்டெருமை. குரங்கு எழுத்தர் பஞ்சநதத்தின் இலையைப் பிரித்து உரக்கப் படித்தது. 'குறிப்பிட்ட நாளில், நேர நெருக்கடி காரணமாக, ஐந்தாம் துளி போதிய ஆராய்ச்சியின்றி எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது.'

அவ்வளவு சுற்றி வளைத்து எழுதியும் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. ஒரே கூச்சல். "அப்போ ஆக்டோபஸ்?" என்று கத்தியது அணில். "மூணு இதயம் பொய்யா?" மான் மயங்கி விழப் பார்த்தது. "கழுத்தெலும்பு ஏழுன்னு என் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேனே!" என்று ஒரு கிழக் காட்டுப்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. பஞ்சநதம் மரக்கிளையில் நின்று, "அதெல்லாம் நெசம்! சத்தியமா நெசம்!" என்று கதறினார். யாரும் கேட்கவில்லை.

இந்தக் கலவரத்தில் மாசிலாமணி கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததை யாரும் பார்க்கவில்லை. சொர்ணம் பார்த்தாள். ஏதோ ஆர்வத்தில் வருகிறார் என்று நினைத்தாள்.

"இரண்டாவது ஆதாரம்."

குணசீலனைக் கூப்பிட்டார்கள். சொர்ணம் கேட்டாள், "தம்பி, நீ தினமும் என் வளைமேல, என் முதுகுக்குப் பக்கத்துல, வெயில் காயறேல்ல?"

தலையாட்டினான்.

"ஒரு நாளாவது ஒரு முள் உன்மேல பறந்து வந்துச்சா? வரலைதானே?"

தலையாட்டினான். தன் பதவிக்குத் தானே உலை வைக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தாலும் ஆட்டியிருப்பான், பிறவிக் குணம். "சாட்சி ஒப்புக்கொண்டது" என்று குரங்கு எழுதிக்கொண்டது.

மாசிலாமணி இப்போது இருபது அடியில் இருந்தார்.

"மூன்றாவது, செயல்விளக்கம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் பாறைக்குப் பின்னால் நன்றாகக் குனிந்துகொண்டார். மயில் தோகையால் முகத்தை மூடிக்கொண்டது. சொர்ணம் உடம்பைச் சிலிர்த்தாள். முட்கள் எழுந்து நின்று கலகலவென்று சத்தம் போட்டன. பலமாக உதறினாள். ஒரு முள்ளும் பறக்கவில்லை. இரண்டு முட்கள் உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தன.

"என்ன ஆச்சு?" என்றது பாறைக்குப் பின்னாலிருந்து தலைவரின் குரல்.

"ஒண்ணும் ஆகலைங்க. பாருங்க, எய்யலை."

"இங்கிருந்து சரியாத் தெரியலை. மறுபடி."

"ஆமாம்மா, மறுபடி" என்றார் மாசிலாமணி. "நல்லா, பலமா, எல்லாருக்கும் தெரியற மாதிரி உதறுங்க."

அவர் குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. சொர்ணம் திரும்பினாள். பன்னிரண்டு அடி. அவருக்கும் குட்டிகளுக்கும் நடுவில் ஏழே அடி. உதிர்ந்து கிடந்த அந்த இரண்டு முட்களையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார், தட்டில் என்ன பரிமாறியிருக்கிறது என்று பார்ப்பது போல. நாக்கு ஒரு தடவை உதட்டைச் சுற்றி வந்தது. சின்னவன் ஒன்றும் அறியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு மனு எழுதித் தந்த தாத்தா அல்லவா?

சொர்ணத்துக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. இத்தனை நாள் அவர் தள்ளி நின்றது எதற்காக, மனு எழுதித் தந்தது எதற்காக, குட்டிகளைக் கூட்டிவரச் சொன்னது எதற்காக. இன்னும் ஒரே ஒரு உதறல். அதற்குப் பிறகு உண்மை ஜெயித்துவிடும். ஜெயித்த உண்மையை மாசிலாமணி சாப்பிட்டுவிடுவார்.

"தலைவரையா!" என்று கத்தினாள். திடல் அடங்கியது. "நான் எழுதினது தப்பு. என் விடை தப்புங்க!"

"என்னது?"

"எய்வேன். ஆனா பாறையில எழுதினதும் தப்பு. முப்பது அடி இல்லைங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். வாயில் வந்ததைச் சொன்னாள். "நாப்பது!"

சொல்லிக்கொண்டே பின்பக்கத்தைச் சிறுத்தையின் பக்கம் திருப்பி, முட்களை விறைத்து நிறுத்தினாள். மாசிலாமணி எம்பிய எம்பில் அவருடைய புள்ளிகள் எங்கே, அவர் எங்கே என்று தெரியவில்லை. ஐம்பது அடிக்கு அப்பால் ஒரு மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் மொத்தமும் பத்து அடி பின்வாங்கியது. குழு எழுந்து இன்னொரு பாறைக்குப் பின்னால் ஓடியது.

அடுத்த நொடி திடலில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி மாளாது. "அடேயப்பா! நாப்பது!" என்று அணில் குதித்தது. "அப்போ ஆக்டோபஸும் நெசம்தான்!" என்று மான் கண்ணீர் விட்டது. கிழக் காட்டுப்பன்றி பேரனைக் கட்டிக்கொண்டது. பஞ்சநதம் கிளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாற்பதுக்கு ஆதாரம்?" என்று கேட்டது குரங்கு எழுத்தர், வழக்கம் தவறாமல்.

"முள்ளம்பன்றியே வாயால சொல்லுது, அதுக்கு மேல என்னய்யா ஆதாரம்?" என்று தூரத்திலிருந்து எரிந்துவிழுந்தார் தலைவர்.

சொர்ணம் குட்டிகளை அணைத்துக்கொண்டு கிளம்பினாள். குகை போய்விட்டது. மழை வந்தால் மறுபடி கிளைதான், மறுபடி இருமல்தான். ஆனாலும் இரண்டு குட்டிகளும் அவள் கையில் இருந்தன. இதுவே போதும் என்று நினைத்தாள். நினைத்தாலும் அழுகை வந்தது.

"நில்லுங்க!" என்று குரங்கு கூப்பிட்டது. விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது அது. "ஐயா, சரியான விடை நாற்பதுன்னா, கொடுத்த நாலு விடையில எதுவுமே சரி இல்லை."

"அதனால?"

"கேள்வி ரத்து. எழுதின எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கணும். ஏற்கெனவே கொடுத்திருந்தா அது அப்படியே இருக்கும்."

குழு கூடிப் பேசியது. குணசீலனுக்கு முன்பே நூறு, இப்போதும் நூறு. சொர்ணத்துக்குத் தொண்ணூற்றொன்பதோடு ஒன்று சேர்ந்து நூறு. இருவரும் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்குப் பதவி. குணசீலனுக்கு ஒன்றரை வயது. சொர்ணத்துக்கு ஒன்பது.

"தம்பி, உனக்கு ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்டார். குணசீலன் தலையாட்டினான். உண்டு என்கிறானா இல்லை என்கிறானா என்று யாருக்கும் புரியவில்லை. இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்படியாக, உண்மையைச் சொன்னதற்காகப் பறிபோன குகை, பொய் சொன்ன ஐந்தாவது நிமிஷத்தில் சொர்ணத்துக்குக் கிடைத்தது.

மறுநாள் பஞ்சநதம் பாறையில் எழுதினார்: 'திருத்தம். முள்ளம்பன்றி தன் முள்ளை நாற்பது அடி தூரம் எய்யும். முன்னர் முப்பது என்று குறிப்பிட்டது அந்த இனத்தின் தன்னடக்கத்தைக் கருதி.' மற்ற நான்கு துளிகளும் அன்றைக்கு அப்பழுக்கில்லாத உண்மைகள். அவற்றுக்கு ஒரு அடேயப்பாகூட விழவில்லை.

மழை வந்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. பள்ளத்தில் இருந்த பழைய வளை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. குகை வாசலில் சொர்ணம் காவல் இருந்தாள். உள்ளே குட்டிகள் உலர்ந்த சருகில் புரண்டு சண்டை போட்டன. சின்னவன் இருமவில்லை. அவள் மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை உள்ளே எட்டிப் பார்க்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஐந்தாம் நாள் வெயில் அடித்ததும் மாசிலாமணி தண்ணீர் குடிக்க வந்தார். சரியாக நாற்பத்தோரு அடியில் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். மனசுல ரொம்ப நாளா உறுத்துது."

"கேளுங்க."

"அன்னிக்கு நான் பன்னிரண்டு அடியில இருந்தேன். குறி தவறவே தவறாது. அப்புறம் ஏன் என்னை விட்டுட்டீங்க?"

சொர்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மனு எழுதிக் கொடுத்தீங்களே ஐயா" என்றாள். "அந்த நன்றிதான்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு, இருக்கட்டும் என்று இன்னும் ஐந்து அடி பின்னால் போய்த் தண்ணீர் குடித்தார்.

நீதி: உங்களைப் பற்றி ஊர் ஒரு பொய் சொன்னால் மறுக்காதீர்கள். மறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பத்து அடி கூட்டிச் சொல்லி மறுங்கள்.